ஞாயிற்றுக்கிழமைப் பூட்டு

லீலாவதி கோபக்காரி என்பது தில்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தண்ணீர் டேங்கர்காரன் வரிசையில் நிற்பவர்களை விட்டுவிட்டுப் பெரிய அதிகாரி வீட்டுக்கு முதலில் குழாயை நீட்டினால், அவள் இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவாள். கத்த மாட்டாள். கோபம் ஏற ஏற அவள் குரல் இறங்கிக்கொண்டே போகும். எதிரில் நிற்பவன் குனிந்து காது கொடுக்க வேண்டிய அளவுக்கு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவாள். டேங்கர்காரன் பேசாமல் குழாயை இந்தப் பக்கம் திருப்பிவிடுவான்.

குடியாத்தத்தில் பிறந்தவள். விமானப்படையில் வேலை பார்த்த ராஜவேலைக் கட்டிக்கொண்டு தில்லிக்கு வந்து, மத்திய அமைச்சகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி செக்‌ஷன் ஆபீசரானவள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. ஆபீஸ் வாழ்க்கை அவளுக்கு ஒரு பழக்கத்தை ஆழமாக ஊன்றியிருந்தது. உத்தரவு வந்தால் நடைமுறைப்படுத்த வேண்டும். படித்துப் பார்த்து, ஆஹா, அருமையாக எழுதியிருக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டு அலமாரியில் வைப்பதற்காக யாரும் உத்தரவு போடுவதில்லை.

அவள் கிறிஸ்தவளானதும் ஏறக்குறைய அப்படித்தான். பிறந்த வீட்டில் எல்லோரும் முருக பக்தர்கள். கல்யாணமான புதிதில் ராஜவேல் அஸ்ஸாம் பக்கம் பணியில் இருந்தபோது, இங்கே அவளுக்கு டைபாய்டு கண்டு தனியாகக் கிடந்தாள். அடுத்த வீட்டில் சாந்தகுமாரி என்ற நாகர்கோவில் நர்ஸ் இருந்தார். டியூட்டி முடிந்து நேராக இங்கேதான் வருவார். கஞ்சி வைப்பார், உடம்பைத் துடைத்துவிடுவார், வாந்தி எடுத்த விரிப்பை அலசிப் போடுவார். ஜெபம் பண்ணட்டுமா என்றுகூட ஒரு நாளும் கேட்டதில்லை. உடம்பு தேறி எழுந்து உட்கார்ந்த பிறகு லீலாவதிதான் கேட்டாள்.

"அக்கா, நீங்க எனக்கு உறவா, ஒட்டா? எதுக்கு இதெல்லாம் செஞ்சீங்க?"

சாந்தகுமாரிக்கு வெட்கமாகிவிட்டது. "எங்க ஆண்டவர் அப்படிச் செய்யணும்னு சொல்லியிருக்காரும்மா. அதான்."

அந்த 'அதான்' லீலாவதியைப் பிடித்துக்கொண்டது. சொல்லியிருக்கிறார், அதனால் செய்தேன். இவ்வளவு நேராகவும் ஒரு மனுஷி வாழ முடியுமா என்று இருந்தது. அந்த ஆண்டவர் வேறு என்னென்ன சொல்லியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேதத்தை வாங்கிப் படித்தாள். படித்து முடித்து, இரண்டு வருஷம் யோசித்து, ஞானஸ்நானம் எடுத்தாள். குடியாத்தத்து அண்ணன் அன்றைக்கு நிறுத்திய பேச்சை இன்றுவரை தொடங்கவில்லை. ராஜவேல் மட்டும், "உனக்கு அது நெஜம்னா போ லீலா. எனக்கு முருகன் போதும்," என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் விளக்கேற்றும்போது அவள் அடுப்படியில் டீ போடுவாள். காலையில் அவள் ஜெபிக்கும்போது அவர் வாக்கிங் போய்விடுவார். அந்த வீட்டில் மதத்தை வைத்து ஒரு சண்டையும் வந்ததில்லை.

சண்டை வந்தது சபையில்.

தமிழ்ச் சபை கூடுவது ஒரு வாடகை மண்டபத்தில். ஞாயிறு காலை ஆராதனை, நடுவாரத்தில் ஏதாவது ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். லீலாவதி மாதர் சங்கத்தின் தலைவி. பிறவிக் கிறிஸ்தவர்கள்மேல் அவளுக்கு ஆரம்பத்தில் ஒரு பிரமிப்பு இருந்தது. தாத்தா காலத்திலிருந்து இதில் ஊறியவர்கள். தான் நேற்று வந்தவள். அவர்கள் வேத வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும்போது, சாந்தகுமாரி போன்றவர்கள் ஒரு மண்டபம் நிறைய இருக்கிறார்கள் என்றே நம்பியிருந்தாள்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தவசு நாட்களில் ஒரு கூட்டம் தில்லி துவாரகாவில், மூப்பர் ஆசீர் வீட்டில் நடந்தது. ஆசீர் திருநெல்வேலிக்காரர், பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பெரிய பதவி. சபைக்குச் சொந்தக் கட்டடம் கட்டும் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். மனைவி பிரபா தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆசீரின் தாயார் செல்லபாக்கியம் பக்கவாதம் வந்து உள்ளறையில் படுத்த படுக்கையாக இருந்தார்.

ஆசீர் அன்று பேசியது முழு இருதயத்தோடு ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பதைப் பற்றி. நன்றாகவே பேசினார். "பாதி மனசை வச்சுக்கிட்டு மீதியைக் குடுத்தா அவரு வாங்க மாட்டாரு," என்றபோது நான்கைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு பாட்டு. லீலாவதிக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனாள்.

அங்கே வேலைக்காரப் பெண் ஒருத்தி உளுந்து வடை போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கூடத்தில் பாடிய பாட்டின் மெட்டுக்கு அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. தமிழ் இல்லை, இந்தியும் இல்லை. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே அவள் ஒரு அடி பிசகாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?" லீலாவதி இந்தியில் கேட்டாள்.

அந்தப் பெண் திடுக்கிட்டாள். பிறகு சிரித்தாள். "எங்க ஊர்ச் சர்ச்சில் பாடுவோம் ஆன்ட்டி. சாத்ரி பாஷையில். நான் பாட்டுக் குழுவில் இருந்தேன்."

பெயர் அனிமா. ஜார்க்கண்டில் சிம்டேகா பக்கத்துக் கிராமம். அங்கே ஊரே கிறிஸ்தவர்கள்.

"இங்க எந்தச் சர்ச்சுக்குப் போற?"

"போறதில்லை ஆன்ட்டி. ரெண்டு வருஷமாச்சு." குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை இவங்க எல்லாரும் சர்ச்சுக்குப் போவாங்க இல்லையா. அம்மாஜியை யார் பார்க்கிறது?"

லீலாவதி தண்ணீர் குடிக்க மறந்துபோனாள். கூடத்தில் பாட்டு நான்காவது சரணத்துக்குப் போயிருந்தது. ஒரே ஆண்டவரின் பிள்ளைகளில் பல பேர் அங்கே சோபாவில் உட்கார்ந்து கண்மூடிப் பாடுகிறார்கள்; ஒரு பிள்ளை இங்கே அவர்களுக்கு வடை சுட்டுக்கொண்டு முணுமுணுக்கிறது. இடையில் ஒரு திரைச்சீலைதான்.

கூட்டம் முடிந்து எல்லோரும் வடையைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது அவள் பிரபாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பிரபா, அந்தப் பொண்ணு கிறிஸ்தவப் பொண்ணுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே ஆன்ட்டி. ஏஜென்சியில கேட்டுத்தானே எடுத்தோம். கிறிஸ்டியன் பொண்ணுன்னா திருட மாட்டா, எதுத்துப் பேச மாட்டா. மதலப், பரோசா, நம்பிக்கை இருக்கும்ல."

லீலாவதியின் குரல் இறங்கியது. "ரெண்டு வருஷமா கோயிலுக்கே போகலன்னு சொல்றா."

"சண்டே லீவு குடுத்தா அத்தையை யாரு பாக்கறது ஆன்ட்டி? டிவில சர்வீஸ் வரும், பாத்துக்கோன்னு சொல்லியிருக்கேன். அச்சா, இன்னும் ரெண்டு வடை போட்டுக்கோங்க."

லீலாவதி தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். மெட்ரோவில் வரும் வழியெல்லாம் அவளுக்கு ஆறவில்லை. தெரியாமல் செய்திருந்தால் சொல்லித் திருத்தலாம். தெரிந்து, தேடி, கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் விசுவாசம் இவர்களுக்கு வேண்டும். பீரோவைத் திறந்து போட்டுவிட்டுப் போவதற்கு அது வேண்டும். அந்த விசுவாசத்துக்குச் சோறு போட மட்டும் முடியாது.

வீட்டில் ராஜவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "என்ன செய்யப் போற?" என்றார்.

"எங்க வேதத்துல அதுக்கு முறை சொல்லியிருக்குது. சகோதரன் தப்பு செஞ்சா முதல்ல தனியா போய் அவன்கிட்டச் சொல்லணும். கேக்கலைன்னா ஒண்ணு ரெண்டு பேர கூட்டிக்கினு போவணும். அப்பவும் கேக்கலைன்னா சபையில சொல்லணும்."

"நல்ல முறைதான். யாராவது அப்படிச் செஞ்சிருக்காங்களா?"

"நான் பாத்தது இல்ல," என்றாள் லீலாவதி.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்டபத்துப் படிக்கட்டருகே அவள் ஆசீரைத் தனியாகப் பிடித்தாள். நேராகச் சொன்னாள். ஆசீர் சிரித்துவிட்டார்.

"என்ன சிஸ்டர் இப்படிச் சொல்லுதீங்க. அவளை நாங்க மகள் மாதிரில்லா வச்சிருக்கோம். நாங்க என்ன சாப்பிடுதோமோ அதைத்தான் அவளும் சாப்பிடுதா."

"மகளை வீட்ல விட்டுட்டு நீங்க மட்டும் கோயிலுக்கு வருவீங்களா பிரதர்?"

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அம்மா நிலைமை உங்களுக்குத் தெரியும். ஆள் இல்லாம விட முடியாது."

"நான் வந்து உக்காந்துக்கறேன். ஞாயித்துக்கிழமை காலையில நான் வரேன். அவ கோயிலுக்குப் போய்ட்டு வரட்டும்."

"அப்போ உங்க ஆராதனை?"

"அது எனக்கும் ஆண்டவருக்கும் இருக்கற கணக்கு."

"சரி, பாப்போம் சிஸ்டர். ஸ்தோத்திரம்," என்று சொல்லிவிட்டு அவர் காரை நோக்கி நடந்தார்.

சரி என்று சொன்னாரா, பார்ப்போம் என்று சொன்னாரா என்பதில் ஆசீருக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம். லீலாவதிக்கு இல்லை. அடுத்த ஞாயிறு காலை அவள் துவாரகாவில் இறங்கி, நான்காம் மாடி ஏறி, அவர்கள் வீட்டின் முன்னால் நின்றாள். ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து, உடம்பு முடியாத நாட்களைத் தவிர, அவள் ஆராதனைக்குப் போகாத முதல் ஞாயிறு அது.

மரக்கதவு திறந்திருந்தது. அதற்கு வெளியே இருந்த இரும்புக் கம்பி போட்ட ஜாலிக் கதவில் பெரிய பூட்டு ஒன்று தொங்கியது. வெளியிலிருந்து பூட்டிய பூட்டு.

மணியடித்தாள். உள்ளேயிருந்து அனிமா வந்து ஜாலியின் பின்னால் நின்றாள்.

"அவங்க சர்ச்சுக்குப் போயிட்டாங்க ஆன்ட்டி. வர மத்தியானம் ஆகும்."

"இது என்ன பூட்டு?"

"அவங்க வெளியே போனா எப்பவும் பூட்டிட்டுத்தான் போவாங்க. பாதுகாப்புக்கு."

"சாவி உன்கிட்ட?"

அனிமா இல்லையென்று தலையசைத்தாள். "ஒரு தடவை குக்கர் வெடிச்சு திரைச்சீலையில தீப்பிடிச்சது. நானே தண்ணி ஊத்தி அணைச்சேன்," என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

லீலாவதி அந்தப் பூட்டைப் பார்த்தபடி நின்றாள். எழுந்திருக்க முடியாத ஒரு தாயும், ஊர் பேர் தெரியாத ஊரில் ஒரு பெண்ணும் உள்ளே. சாவி அங்கே மண்டபத்தின் முன்வரிசையில், கைகளை உயர்த்தித் துதித்துக்கொண்டிருக்கிற ஒருவரின் சட்டைப்பையில். பூட்டை உடைக்க ஆள் கூட்டி வரலாமா என்றுகூட நினைத்தாள். உடைத்தால் பேச்சு பூட்டு உடைந்ததைப் பற்றிப் போய்விடும், பூட்டியதைப் பற்றி இருக்காது. தில்லியில் இத்தனை வருஷம் ஆபீஸ் பார்த்தவளுக்கு அது தெரியும்.

அவள் முந்தானையால் படிக்கட்டைத் தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"உன் பைபிள் வச்சிருக்கியா?"

"பெட்டியில இருக்கு ஆன்ட்டி."

"எடுத்துக்கினு வா. நாம இங்கயே ஆராதிக்கலாம்."

அனிமா கொஞ்சம் தயங்கினாள். பிறகு உள்ளே போய், செல்லபாக்கியத்தின் தலையணையைச் சரிசெய்துவிட்டு, அறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, பைபிளோடு வந்து ஜாலிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். அவள் சாத்ரியில் பாடினாள். லீலாவதிக்கு அந்தப் பாஷை ஒரு சொல்லும் தெரியாது. மெட்டு தெரியும், தமிழில் கூடச் சேர்ந்துகொண்டாள். அனிமாவின் குரல் முதலில் பயந்து பயந்து வந்தது. மூன்றாம் பாட்டில் அந்த மாடிப்படி முழுவதும் நிறைந்தது. கூட வேறொரு ஓசையும் வந்தது. உள்ளறையில் செல்லபாக்கியம் கோணிய வாயால் தனக்கு வந்த மட்டும் பாடிக்கொண்டிருந்தார். எதிர் ஃப்ளாட் பஞ்சாபி அம்மாள் கதவைத் திறந்து பார்த்தார். பூட்டைப் பார்த்தார், படியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

ஆசீர் குடும்பம் லிஃப்டிலிருந்து இறங்கியபோது இருவரும் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சிஸ்டர் இது?" ஆசீர் அவசரமாகப் பூட்டைத் திறந்தார். அனிமா எழுந்து அடுக்களைக்கு ஓடினாள். "அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க? ஏற்கெனவே நம்மள ஒரு மாதிரி பாக்குத காலம். நம்ம சாட்சியே கெட்டுப்போகும்லா."

"சாட்சியை நான் கெடுக்கல பிரதர்," என்றாள் லீலாவதி. அவர் குனிய வேண்டியிருந்தது. "அது உங்க கையில இருக்குது. இரும்புல செஞ்சது."

பிரபாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அரே ஆன்ட்டி, எல்லா வீட்லயும் பூட்டறாங்க. நாங்க மட்டுமா?"

"எல்லா வீட்லயும் முழு இருதயத்தைப் பத்திப் பிரசங்கம் பண்றாங்களா பிரபா?"

அன்று அவளை யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை.

அடுத்து ஓரிருவரைத் துணை கூட்டிக்கொண்டு போக வேண்டும். லீலாவதி பாஸ்டரிடம் போனாள். அவர் நல்லவர்தான். யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் ஓடி வருகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"தப்புதான் சிஸ்டர். நான் மறுக்கல. ஆனா கட்டட வேலை இப்பத்தான் ஒரு வழிக்கு வருது. ஆசீர் பிரதர் மனசு நொந்துட்டார்னா... கொஞ்சம் ஞானமா நடக்கணும். நாம ஜெபிப்போம்."

"ஜெபிச்சிட்டுத்தான் வந்திருக்கேன் பாஸ்டர். நீங்க என்கூட வரீங்களா, இல்லையா?"

"இந்த நேரத்துல நான் வர்றது சரியா இருக்காது."

கோயில் கட்டுவதற்காக ஒரு பெண்ணைக் கோயிலுக்கு விடாமல் வைப்பது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. மாதர் சங்கத்தில் இரண்டு பேரைக் கேட்டாள். ஒருத்திக்கு அன்றைக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். இன்னொருத்திக்கு முழங்கால் வலி. அண்ணனை இழந்து, ஊரை இழந்து இவர்களிடம்தானே வந்தோம் என்று அன்று வீட்டுக்கு வந்து அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதில் அதிகம்.

ராஜவேல் சாப்பிடும்போது சொன்னார். "ஆள்தானே வேணும்? நான் வரேன்."

"நீங்க எங்க சபை இல்லீங்களே."

"பூட்டைப் பாக்கறதுக்குச் சபை எதுக்கு?"

இருவரும் போனார்கள். ஆசீர், ராஜவேலைப் பார்த்ததும் மரியாதையாக உட்கார வைத்தார். ராஜவேல் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் பேசினார். "சார், நான் கும்பிடற சாமி வேற. உங்க சபை விஷயத்துல நான் தலையிட மாட்டேன். ஏர் ஃபோர்ஸ்ல தீயணைப்புப் பிரிவுல இருந்தவன். நாலாவது மாடியில வெளியில பூட்டுப் போட்டுட்டுப் போற வீட்ல தீப்பிடிச்சா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். அப்படிச் செத்தவங்கள நான் தூக்கியிருக்கேன். உங்க அம்மாவும் உள்ளதான் இருக்காங்க."

ஆசீர் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பூட்டு இனிமே போடல," என்றார். ஞாயிற்றுக்கிழமை லீவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லீலாவதி கேட்டபோது, "ஒண்ணு குடுத்தா இன்னொண்ணு கேப்பாங்க சிஸ்டர். இந்தப் பொண்ணுங்களை உங்களுக்குத் தெரியாது," என்றார்.

மூன்றாவது படி மட்டும்தான் பாக்கி இருந்தது.

ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. பையனுக்கு வேலை கிடைத்தது, விசா வந்தது, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று ஒவ்வொருவராக எழுந்து நன்றி சொல்வார்கள். அந்த ஞாயிறு லீலாவதி எழுந்தாள். மைக்கை வாயருகே வைத்துக்கொண்டாள். அப்படியும் மண்டபம் அமைதியானால்தான் அவள் பேசுவது கேட்டது.

ஆசீர் பெயரைச் சொல்லித்தான் பேசினாள். மறைத்துப் பேசுவது புறங்கூறுவது ஆகிவிடும் என்று நினைத்தாள். தனியாகப் போனதையும், துணையோடு போனதையும் சொன்னாள். துணைக்குத் தன் சபையில் ஆள் கிடைக்காமல் வேறு சாமி கும்பிடும் தன் கணவர் வந்ததையும் சொன்னாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"ஒரு வீட்டைப் பத்தி மட்டும் நான் பேசல. இப்ப, நாம இங்க உக்காந்திருக்கற இந்த நேரத்துல, நம்ம எத்தனை வீட்ல நம்ம ஆண்டவரைக் கும்பிடற ஒரு பொண்ணு பாத்திரம் கழுவிக்கினு இருக்குது? கையைத் தூக்க வேணாம். உங்களுக்கே தெரியும்."

யாரும் கையைத் தூக்கவில்லை. தலைகள் மட்டும் அங்கங்கே தாழ்ந்தன. ஆசீர் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே பிரபாவும் போனாள்.

ஆராதனை முடிந்ததும் லீலாவதியைச் சுற்றி ஓர் இடைவெளி விழுந்தது. "குடும்ப விஷயத்தை மைக்குல சொல்லலாமா?" என்று ஒருவர் அவள் காதுபட யாரிடமோ கேட்டார். "வெளியிலேருந்து வந்தவங்களுக்கு நம்ம முறை தெரியாது," என்று பதில் வந்தது. வெளியிலிருந்து வந்தவள். அது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் கழித்து, தங்கள் புத்தகத்தில் எழுதியிருப்பதை அப்படியே செய்ததற்காக அவள் வெளியாள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மாதர் சங்கத்துக்குப் புதுத் தலைவியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

கவிப்ரியா என்ற இளம்பெண் ஒருத்தி மட்டும், கைக்குழந்தையோடு, வெளியே வந்து அவள் கையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, எங்க வீட்லயும் ஒரு பொண்ணு இருக்கா. எந்தச் சர்ச்னு நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல. இன்னைக்குப் போய்க் கேக்கறேன்."

சபை செய்ய முடியாததைக் கடைசியில் செய்தவள் அனிமாதான். லீலாவதிக்கு அது பிறகுதான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை அனிமா தன் பெட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்துவிட்டு, பிரபாவிடம் சொல்லியிருக்கிறாள். "தீதி, அம்மாஜியைப் பார்த்துக்கறது எனக்குப் பாரமில்லை. ஆனா நாளைக்கு நான் சர்ச்சுக்குப் போறேன். போயிட்டுத் திரும்பி வரட்டுமா, இந்தப் பெட்டியோட போகட்டுமா, நீங்க சொல்லுங்க." செல்லபாக்கியத்தைத் தூக்கி உட்காரவைத்து, ஊட்டி, கழுவி, புண் வராமல் புரட்டிவிடத் தெரிந்த இன்னொருத்தி துவாரகாவில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்க மாட்டாள் என்று பிரபாவுக்குத் தெரியும். மாலையில் லீலாவதிக்கு ஃபோன் வந்தது.

"ஆன்ட்டி, நீங்க வந்து உக்காந்துக்கறேன்னு சொன்னீங்களாமே. நாளைக்கு வர முடியுமா?"

மன்னிப்பு இல்லை, வருத்தம் இல்லை. ஆள் வேண்டும், அவ்வளவுதான். இவர்கள் வீட்டில் தாயைப் பார்த்துக்கொள்ள ஒரு ஞாயிறு இவர்களில் ஒருவர் தங்கக் கூடாதா? லீலாவதிக்கு மூக்கு விடைத்தது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் நஷ்டம் அந்த இருவருக்கும் இல்லை, அனிமாவுக்கு. "வரேன்," என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிறு காலைகள் அப்படி ஆகிவிட்டன. அனிமா தன் ஊர்க்காரர்கள் கூடும் சாத்ரி ஆராதனைக்குப் போவாள். ஆசீரும் பிரபாவும் தமிழ்ச் சபைக்குப் போவார்கள். லீலாவதி செல்லபாக்கியத்தின் கட்டிலருகே உட்கார்ந்து வேதம் வாசிப்பாள், வாயைத் துடைத்துவிடுவாள், துணி மாற்றுவாள். மாதத்தில் ஒரு நாள், அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து ஞாயிறன்று மட்டும், அவள் ஆராதனைக்குப் போவாள். அன்று அந்தக் கட்டிலருகே ராஜவேல் உட்கார்ந்துகொள்வார். அவருக்கு வேதம் வாசித்துப் பழக்கமில்லை. பேப்பரில் வந்த கிரிக்கெட் செய்தியை வாசித்துக் காட்டுவார். செல்லபாக்கியத்துக்கு அது பிடித்துப்போனது.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு, அவள் அங்கே இருந்தபோது கவிப்ரியா ஃபோன் செய்தாள்.

"ஆன்ட்டி, ஆசீர் அங்கிள் இன்னைக்குச் சாட்சி சொன்னாரு. வேலைக்காரப் பொண்ணையும் ஆராதனைக்கு அனுப்பணும்னு ஆண்டவர் அவர் இருதயத்துல பேசினாராம். உடனே கீழ்ப்படிஞ்சாராம். எல்லாரும் ஆமென் சொன்னாங்க."

லீலாவதி ஃபோனைக் கட்டிலில் வைத்தாள். அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. ஆண்டவர் பேசினாராம். ஜாலிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசியதை ஆசீர் இரண்டு வருஷம் கேட்கவில்லை. பெட்டியைக் கூடத்தில் வைத்துப் பேசியபோதுதான் கேட்டது. அதிலும் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் சாட்சியாக்கிவிட்டார்.

மத்தியானம் அவர்கள் திரும்பி வந்தார்கள். ஆசீர் வழக்கத்தைவிடக் கனிவாக, "ஸ்தோத்திரம் சிஸ்டர், அம்மா தொந்தரவு குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல பிரதர். சாட்சி சொன்னீங்களாமே. சந்தோஷம்." லீலாவதி செருப்பை மாட்டிக்கொண்டாள். "அதுல ஒண்ண விட்டுட்டீங்க. பூட்டைப் பத்திச் சொல்லல. அடுத்த வாரம் அதையும் சொல்லிடுங்க. அப்பத்தான் அது முழு சாட்சி."

அனிமா இன்னும் வரவில்லை என்று பிரபா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆராதனை முடிந்து ஊர்ப் பெண்களோடு டீ குடித்துப் பேசிவிட்டு வருவாள், வரட்டும் என்றாள் லீலாவதி. அடுத்த வாரமும் தாமதமாகத்தான் வருவாள் என்றும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும், செருப்பை மாட்டும்போது, அவள் ஆசீரிடம் அந்த ஒன்றையே கேட்கிறாள். "பூட்டைச் சொன்னீங்களா பிரதர்?" அவர் இன்னும் சொல்லவில்லை. அவளும் கேட்பதை விடவில்லை.